நாற்பது நிமிட ஜாஸ்

பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில், பார்வையில்லாத பையன் பள்ளிப் படிப்பை முடித்தால் அடுத்து என்ன செய்வான் என்பதை ஊரே முடிவுசெய்து வைத்திருந்தது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவான். குரல் இருந்தால் பாட்டு வாத்தியார். அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். கொஞ்சம் சிபாரிசு இருந்தால் எஸ்.டி.டி. பூத். எதுவும் அமையாதவன் சென்னைக்குப் போய் மின்சார ரயிலில் பேனாவும் சீப்பும் விற்பான். இந்தப் பட்டியலை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. இதில் ஒவ்வொரு வேலையிலும் எனக்கு அண்ணன் முறையில் ஒருவர் உண்டு. அவர்கள் சம்பாத்தியத்தில் தங்கச்சிகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஆனால் 2000-த்தை ஒட்டி அந்தப் பட்டியலே உதிர ஆரம்பித்தது. பிளாஸ்டிக் நாற்காலி வந்து பிரம்பு போயிற்று. செல்போன் வந்து பூத் போயிற்று. நேராக எண்ணைச் சுழற்றிக்கொள்ளும் வசதி வந்து ஆபரேட்டர் போனார். அந்த நேரத்தில்தான் 'கம்ப்யூட்டர் பேசுமாம்' என்ற சேதி எங்கள் காதுக்கு வந்தது.

பார்வையற்றோருக்கான எங்கள் பள்ளி 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது. தட்டம்மையில் கண் போன என்னைச் சின்ன வயதிலேயே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எனக்கு எழுத்து வந்தது விரல் வழியாகத்தான். ஸ்லேட்டில் தாளை மாட்டி, ஸ்டைலசால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக முறைப்படுத்திய பாரதி ப்ரெயில்தான் எங்கள் அரிச்சுவடி. ஆறே புள்ளிகளில் தமிழ் முழுக்க அடங்கிவிடும். ஒன்றே ஒன்றுதான் குறை. நான் குத்திய கடிதத்தை என் வீட்டில் ஒருவராலும் படிக்க முடியாது. அவர்கள் எழுதியதை என்னால் படிக்க முடியாது. வயிற்றுவலி என்றாலும், வீட்டு ஞாபகம் என்றாலும், யாராவது ஒரு கண் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால்தான் அம்மாவுக்குப் போகும். பரீட்சையும் அப்படித்தான். நான் சொல்லச் சொல்லப் பதிலி எழுத்தர் எழுதுவார். அவர் என்ன எழுதினார் என்பது எனக்கும் திருத்தியவருக்கும் நடுவில் கடவுளுக்கே வெளிச்சம். பன்னிரண்டாவது முடிக்கிற வரை, இன்னொருவர் கை படாமல் நான் எழுதி, பார்வையுள்ள ஒருவர் படித்த ஒரு வரிகூட உலகத்தில் கிடையாது.

கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னாள்: "எய்யா, கண்ணு தெரிஞ்ச பயலுவளே அதைப் படிச்சிட்டு சும்மாதான சுத்துதானுவ. நீ போயி என்னத்தப் பாப்ப?" அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஊரில் தெருவுக்கொரு கணினி மையம் முளைத்திருந்த நேரம். அதில் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர். என் கையைப் பிடித்து மவுசின் மேல் வைத்து, "தம்பி, அந்த மஞ்சள் கலர் ஃபோல்டர் இருக்குல்லா, அதுமேல கொண்டுபோய் ரெண்டு தட்டு" என்றார். மஞ்சளும் தெரியாது, ஃபோல்டரும் தெரியாது, மவுஸ் எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது. சில நாளில் அவரே வருத்தப்பட்டு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணமே இல்லாமல் நடந்த காரியம் அது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி கண்வழி. அதை எனக்குத் தந்தார்.

அப்புறம் சென்னை. அங்கே எனக்கு வாய்த்த பயிற்றுநர் மதுரைப் பக்கத்துக்காரர். அவருக்கும் பார்வை கிடையாது. முதல் வேலையாக, கணினியைப் போடவே கூடாது என்றார். அணைந்து கிடக்கும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விசைப்பலகையைத் தடவச் சொன்னார். எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்ன மேடு இருக்கிறதே, அதில் ஆள்காட்டி விரல்களை நிறுத்து. அதுதான் உன் வீடு, எங்கே போனாலும் அங்கே திரும்பு. "இன்சர்ட் எங்கடா? டேப் எங்க? ஆல்ட்ட விட்டுட்டு ஏன்யா கன்ட்ரோல்ல போய் நிக்கிற?" என்று குரல் மட்டும் வரும். விரல் தப்பான இடத்துக்குப் போன சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். பார்வையுள்ளவர்கள் விசைப்பலகையைக் குனிந்து பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. சிரித்துவிட்டேன்.

அடுத்த பாடம் இன்னும் கடினம். திரை என்றால் என்ன? நினைவு தெரிந்ததிலிருந்து ஒரு படத்தையும் பார்க்காதவனுக்கு 'விண்டோ', 'டெஸ்க்டாப்', 'மெனு' எல்லாம் எப்படிப் புரியும்? அவர் ஓர் அட்டையை எடுத்து, சணல் கயிறு ஒட்டிக் கட்டம் போட்டு, ஓரத்தில் பாட்டில் மூடிகளை வரிசையாகப் பதித்து வைத்திருந்தார். மூடிகள்தான் ஐகான்கள். கீழே ஒட்டிய குச்சி டாஸ்க் பார். ஒரு ஜன்னலுக்கு மேல் இன்னொரு ஜன்னல் திறப்பதைக் காட்ட, அட்டைக்கு மேல் அட்டை. தடவித் தடவி அந்த வரைபடம் தலைக்குள் ஏறிய பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

போட்டதும் அது பேசியது. ஆங்கிலத்தில். அதுவும் அமெரிக்க ஆங்கிலத்தில்.

ஜாஸ் என்ற அந்த மென்பொருளைச் செய்த டெட் ஹென்டர் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1978-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் கண் இழந்தவர். பிறகு நிரல் எழுதக் கற்று, 1989-ல் டாஸ் இயங்குதளத்துக்கும் 1995-ல் விண்டோசுக்கும் ஜாஸைக் கொண்டுவந்தார். இந்தக் கதையைப் பயிற்றுநர் எங்களுக்குப் புராணம் மாதிரிச் சொல்வார். பந்தய வண்டி ஓட்டியவர் என்பதால்தான் இந்தக் குரல் இவ்வளவு வேகமாய்ப் பேசுகிறது என்று ஒருவன் சொல்லப்போக, வகுப்பே அதை நம்பியது. உண்மையில் வேகம் நாம் வைப்பதுதான். ஆரம்பத்தில் ஆமை வேகத்தில் வைத்தும் ஒரு சொல் பிடிபடவில்லை. "டெஸ்க்டாப் ஃபோல்டர் வ்யூ லிஸ்ட் வ்யூ மை கம்ப்யூட்டர் ஒன் ஆஃப் செவன்" என்று அது சொல்வது எங்களுக்கு ஒரே நீளமான ஒற்றைச் சத்தமாகக் கேட்கும். நாங்கள் எல்லோரும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருந்தோம் என்பது மதிப்பெண் பட்டியலில் இருந்தது, காதில் இல்லை. கணினி கற்க வந்த இடத்தில் முதலில் கற்றது அந்த இயந்திரத்தின் ஆங்கிலத்தைத்தான். குரலின் பெயர் ரீட். என் ஆங்கில உச்சரிப்பு இன்றைக்கும் பாதி திருநெல்வேலி, பாதி ரீட்.

ஜாஸ் இலவசம் அல்ல. அதன் விலை அப்போது ஒரு கணினியின் விலையைவிட அதிகம். உரிமம் வாங்காதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: நாற்பது நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும். மறுபடி வேண்டுமென்றால் கணினியையே அணைத்து மறுபடி போட வேண்டும். நாங்கள் படித்தது பெரும்பாலும் இந்த நாற்பது நிமிட ஜாஸில்தான். இன்சர்ட்டோடு எஃப் பன்னிரண்டை அழுத்தினால் மணி சொல்லும். முப்பத்தைந்தாவது நிமிடம் ஆனதும் யாராவது "சேவ் பண்ணுங்கப்பா" என்று கத்துவார்கள். பண்ணாதவன் தலையில் கைவைப்பான். அந்தக் காலத்துப் பெட்டி மறுபடி எழுந்து வருவதற்குள் ஒரு டீ குடிக்கலாம். அந்த அவகாசத்தில்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொண்டோம், ஊர்க்கதை பேசினோம், 'எந்த விசைக்கு எந்த வேலை' என்று போட்டி வைத்துக்கொண்டோம். பாதிப் பாடம் பெட்டி ஊமையாக இருந்த நேரத்தில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. திருட்டுப் பிரதி ஓடிய இடங்களும் இருந்தன. அதைப் பற்றி எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சி எதுவும் கிடையாது. வாங்க முடியாத விலைக்கு வைத்தால் வேறென்ன நடக்கும்?

பயிற்சி என்றால் விசைகளை மனப்பாடம் செய்வது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது கால் பங்குதான். பார்வையுள்ளவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் தலைப்பு எங்கே, படம் எங்கே, தேவையானது எங்கே என்று ஒரே வீச்சில் கண்ணால் அள்ளிக்கொள்கிறார். எனக்கு அது ஒற்றைக் கயிறாக, முதல் சொல்லில் தொடங்கிக் கடைசிச் சொல் வரை நீளும். அந்தக் கயிற்றில் எங்கே தாண்டலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதுதான் கலை. ஹெச் அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவது, இன்சர்ட்டோடு எஃப் ஏழை அழுத்தி இணைப்புகளை மட்டும் பட்டியலாக வரவழைப்பது, வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லிலேயே 'இது வேண்டாம்' என்று வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது. இவையெல்லாம் பழகப் பழகக் குரலின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனோம். இப்போது நான் கேட்கும் வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் ஏதோ பழுதான ரேடியோ என்று நினைக்கிறார்கள். ஆபீஸ் ரகசியம் காக்க இது நல்ல வழி.

இத்தனை கற்றும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தமிழ்.

அப்போது தமிழில் வந்த கோப்புகள் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். கூத்தில் வேஷம் கட்டியவரைப் பார்க்கிறவர்களுக்கு அவர் அர்ஜுனன். ஒப்பனை தெரியாத எனக்கு அவர் பக்கத்துத் தெரு மாடசாமி. 'தமிழ்' என்று திரையில் இருப்பதை ஜாஸ் எனக்கு "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கும். தமிழில் ஒரு கதை கிடைத்தது என்று ஆசையாகத் திறந்தால் பக்கம் பக்கமாக இந்த உளறல்தான். எங்களோடு படித்த ஒருவன், ஜே என்றால் த, கே என்றால் ம என்று மனதுக்குள் மாற்றி மாற்றி, அந்த உளறலையே தமிழாகக் கேட்கப் பழகிவிட்டான். அவன் மூளையை நினைத்தால் இன்றும் வியப்புதான். ஆனால் ஒரு மனிதன் தன் தாய்மொழியில் ஒரு பக்கம் படிக்க இவ்வளவு வித்தை தெரிந்திருக்க வேண்டுமா?

நானும் அந்த வித்தையால் ஒரு முறை பயன் அடைந்தேன். அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். "எம் கே செமிகோலன் கே ஹெச்" என்று ஜாஸ் திருப்பிச் சொன்னால் 'அம்மா' சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் அடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று, நடுவில் நாற்பது நிமிடச் சாவுகள் வேறு. அச்சுப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். அக்கா அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். வாசித்து முடித்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இதை அவனுக்கு யாரு எழுதிக் கொடுத்தா?" அக்கா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அடுத்த விடுமுறைக்குப் போனபோது, யாரிடமும் சொல்லாத ஒரு வீட்டு விஷயத்தை அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதை எடுத்துச் சொன்னேன். "அப்ப நீதான்" என்றாள்.

2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார்; அவருக்கும் பார்வை கிடையாது. காசு கிடையாது, நாற்பது நிமிடக் கெடு கிடையாது, பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால் எந்தக் கணினியிலும் நிறுவாமலே ஓடும். அதோடு ஈஸ்பீக் என்ற சின்னப் பேச்சுப்பொறி வந்தது. அதற்குத் தமிழும் தெரியும். மூக்கால் பேசும் இயந்திரக் குரல். காந்தியின் 'கா'வும் காக்காயின் 'கா'வும் அதற்கு ஒன்றுதான். அழகு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது தமிழ்! இதற்குள் ஒருங்குறியும் பரவ ஆரம்பித்திருந்தது. ஒருங்குறியில் 'த'வுக்கு என்று தனி எண், 'மி'யில் இருக்கும் கொக்கிக்கு என்று தனி எண்; உள்ளேயும் தமிழ், வெளியேயும் தமிழ். 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நான் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அதில் உயிரெல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். எஃப் மேட்டில் புள்ளி இருக்கும், ஜே மேட்டில் 'ப' இருக்கும். பார்வையற்றவனுக்கு இதைவிட வசதியான தமிழ் விசைப்பலகை இல்லை என்பது என் கட்சி. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தமிழ் அடிப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

ஈஸ்பீக் குரலில் நான் முழுக்கப் படித்த முதல் புத்தகம் பொன்னியின் செல்வன். அதற்கு முன்பு கேசட்டில் கேட்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவதி வாசித்துப் பதிவு செய்தது. நாலாம் பாகத்தில் ஒரு கேசட் சிக்கி நாடா கசங்கிப்போக, பல அத்தியாயம் என்ன நடந்தது என்று தெரியாமலே அஞ்சாம் பாகத்துக்குப் போனவன் நான். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகமும் ஒருங்குறியில் கிடைத்தது. தரவிறக்கி, காதுக் கருவியை மாட்டி, ராத்திரி உட்கார்ந்தேன். வேறொருவர் வாசிக்கக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், நிறுத்துவது என் கையில் இருந்தது. ஒரு பத்தியை மூன்று தரம் கேட்கலாம். வந்தியத்தேவன் குதிரை ஏறும் இடத்தில் வேகத்தைக் கூட்டலாம். வர்ணனை அலுத்தால் தாண்டலாம். கல்கியைத் தாண்டலாமா என்று கேட்காதீர்கள். கண்ணால் படிக்கிற நீங்களும் தாண்டித்தான் படித்திருப்பீர்கள். வாசிப்பவர் வாய் வலிக்குமே, அவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறோமே என்ற கூச்சம் இல்லாமல் நான் படித்த முதல் நாவல் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேசும் கருவி வந்துவிட்டதே, இனிப் ப்ரெயில் எதற்கு என்று பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சில ஆசிரியர்களே கேட்கிறார்கள். காதால் மட்டும் படித்து வளர்ந்த பையன்கள் எனக்கு எழுதும் செய்திகளைப் பார்த்தால் பதில் தெரியும். 'மரம்' எந்த 'ர', 'மறம்' எந்த 'ற', 'பனி' எது, 'பணி' எது என்று ஒன்றும் பிடிபடாமல் எழுதுகிறார்கள். காது சொல்லைத் தருகிறது, எழுத்தைத் தருவதில்லை. விரல் எழுத்தைத் தருகிறது. முன்பெல்லாம் ஒரு பாடப்புத்தகம் ப்ரெயிலில் பல தொகுதியாகித் தலையில் சுமக்கும் கனம் கனக்கும். இப்போது கணினியோடு இணையும் ப்ரெயில் காட்டி வந்துவிட்டது. புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்கும், வரி வரியாக விரலுக்குக் கொடுக்கும். லட்சங்களில் விற்ற பொருளை ஆர்பிட் ரீடர் போன்றவை கணிசமாகக் கீழே கொண்டுவந்தன. இன்னும் ஏழை வீட்டுக்கு எட்டவில்லை. எட்டும் வரைக்கும் ஸ்லேட்டும் ஸ்டைலசும் போதும். அதைப் பிடுங்கிவிட்டுப் போனைக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் நல்லது அல்ல.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டம் தந்த ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். வேலைதான் கொடுக்கவில்லை. "நீங்க வந்து உக்காந்தாலே போதும் சார்" என்றார் மேலாளர். ஒரு தொலைபேசியை என் மேசையில் வைத்தார்கள். பிரம்பு, பாட்டு, டெலிபோன் என்ற பழைய பட்டியல் கட்டடத்துக்குள்ளும் வந்துவிட்டது. புதிய மென்பொருள் நிறுவ மேலிடத்து அனுமதி வேண்டும், அது வர மாதங்கள் ஆகும் என்றார்கள். வந்தது. வந்த பிறகு, பணப்பரிமாற்றத் திரையில் பாதிப் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. "பட்டன், பட்டன், பட்டன்" என்றே படித்தது. டேப் விசையை எத்தனை தரம் தட்டினால் எந்தப் பெட்டி என்று எண்ணி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். சில மாதத்தில் என் மேசைக்கு வரிசை நிற்க ஆரம்பித்தது. வாடிக்கையாளர் ஒருவர், "கண்ணு தெரியாதவரே எவ்வளவு வேகமா முடிக்கிறாரு" என்று பாராட்டினார். பக்கத்து மேசைக்காரருக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது அப்போதிருந்துதான். என்னிடம் வந்தவர்களில் மறக்க முடியாதவர், கடற்கரை-தாம்பரம் மின்சார ரயிலில் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன். இலவசமாகக் கிடைத்த தொடுதிரைப் போனைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். வீட்டில் பேரன் விளையாடிக்கொண்டிருந்தானாம். "தம்பி, இது வெறும் கண்ணாடி. இதுல பட்டனே இல்லியே, எதைத் தடவுறது?" பழைய நோக்கியாவில் ஐந்தாம் எண்ணின் மேல் இருந்த புள்ளியை வைத்து எல்லாம் அடிக்கத் தெரிந்த மனிதர். போனைக் கொடுத்தவர்கள் அதில் உள்ள திரைவாசிப்பானான டாக்பேக்கை எப்படிப் போடுவது என்றுகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு விரலால் தடவினால் பெயர் சொல்லும். அது வேண்டுமென்றால் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு. வலப்பக்கம் சுண்டினால் அடுத்தது. இவ்வளவுதான் முதல் பாடம். ஆனால் காய்ப்புக் காய்த்த விரலுக்கு அந்தச் சுண்டல் வரவே இல்லை. அழுத்தினார், தேய்த்தார், போன் என்னென்னவோ செய்தது. ஒரு வாரம் போனைத் தொட விடாமல், என் புறங்கையில் சுண்டிப் பழகச் சொன்னேன். எவ்வளவு லேசாகத் தொட வேண்டும் என்பதை என்னால் உணர்ந்து சொல்ல முடிந்தது. எனக்கு அட்டையில் மூடி ஒட்டிக் காட்டியவர் இருந்தால் இதற்குத் தலையாட்டியிருப்பார்.

அந்த அண்ணனுக்குப் பெரிய தொல்லை ரூபாய் நோட்டு. பழைய ஐந்நூறு 167 மில்லிமீட்டர் நீளம், நூறு 157. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம், விரலிடுக்கில் மடித்தால் தெரிந்துவிடும். 2016 முதல் வந்த வரிசையில் ஐந்நூறு 150, இருநூறு 146, நூறு 142. நாலு நாலு மில்லிமீட்டர். ஓடுகிற ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு மில்லிமீட்டரை அளப்பவர் உண்டா? ரிசர்வ் வங்கி 2020-ல் மணி என்று ஒரு செயலி வெளியிட்டது. கேமராவைக் காட்டினால் நோட்டின் மதிப்பைச் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து எண்ண நல்லது. ரயிலில் ஒவ்வொரு நோட்டுக்கும் போனை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். அவருக்கு உண்மையில் விடிவு தந்தது பார்வையற்றவர்களுக்காகச் செய்யாத ஒரு பொருள். கியூஆர் அட்டையும், வந்த பணத்தைச் சத்தமாகத் தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டியும். கழுத்தில் அட்டை, தோள்பையில் பெட்டி. "இப்ப எவனும் பத்தைக் குடுத்துட்டு அம்பதுன்னு சொல்ல முடியாது தம்பி" என்றார். வங்கிக் கணக்கு விவரத்தைத் தானே போனில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வர அவருக்குச் சில மாதம் பிடித்தது. பேரனிடம் இனிப் போனைக் கொடுப்பதில்லை.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடக் கூடாது. அண்மையில் ஒரு நிதிச் செயலியில் கணக்குத் தொடங்கப் போனேன். பெயர், பிறந்த நாள், ஆதார் எல்லாம் தடையில்லாமல் போயிற்று. கடைசியில் முகத்தைக் காட்டச் சொல்லி, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க, கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அம்மையில் சுருங்கிப்போன என் கண்ணில் எதைச் சிமிட்டுவது? அந்தச் செயலியைப் பொறுத்தவரை நான் உயிரோடு இல்லை. இதே பிரச்சினையை அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது: இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது, சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும். தீர்ப்பு வந்ததும் எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார்: "நாம உயிரோடதான் இருக்கோம்னு கோர்ட்டே சொல்லிருச்சு."

இப்போது படத்தைக் காட்டினால் விவரித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. நன்றாகவே சொல்கின்றன. சில நேரம் இல்லாததையும் இருப்பதாகச் சொல்கின்றன. மருந்துச் சீட்டுக்கு அதை நம்பாதே என்று என் மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கருவி எதுவானாலும் எப்போது நம்பலாம், எப்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்று தெரிவதும் பயிற்சியில் சேர்த்திதான். அதை எந்தக் கையேட்டிலும் போடுவதில்லை.

படிப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். கல்யாணப் பத்திரிகையை, இரங்கல் செய்தியை, சங்கச் சுற்றறிக்கையைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். கீழே இரண்டு வரி ஒருங்குறியில் அடித்துவிடுங்கள். என் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணத் தேதி எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அலுவலகத்தில் இருப்பவர்கள், கையெழுத்துப் போட்ட ஆணையை ஸ்கேன் செய்து ஏற்றும்போது தட்டச்சுக் கோப்பையும் பக்கத்தில் ஏற்றுங்கள். செயலி செய்கிற பிள்ளைகள் பொத்தானுக்குப் பெயர் வையுங்கள். அடுத்தது, பிறந்த நாளுக்கோ நினைவு நாளுக்கோ ஏதாவது ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கு லேப்டாப்பும் போனும் வாங்கித் தர நினைக்கிறவர்களுக்கு. பத்து லேப்டாப் கொடுப்பதற்குப் பதில் ஐந்து கொடுங்கள். மிச்சப் பணத்தை ஒரு பயிற்றுநரின் சம்பளத்துக்குக் கொடுங்கள். தமிழில் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநராக, முடிந்தால் பார்வையில்லாதவராக இருக்கட்டும். அப்படிப்பட்டவர்கள் வேலை தேடிக்கொண்டு நிறையப் பேர் இருக்கிறார்கள்.